கா.கிழங்கு – 3

எனக்கு ‘ஆழ்ந்த இரங்கல்’ தெரிவித்த அத்தனை பேருக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் சாகவில்லை. கோவில்பட்டியில் என் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தலையில் முடி இல்லை, நாக்கில் ருசி பாதிதான் திரும்பியிருக்கிறது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆனால் ஆளாக இருக்கிறேன். நான் செவ்வந்தித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படத்தில் மெழுகுவர்த்தி ஒட்டிப் போட்ட புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியும். அவருக்குக் கடைசியில் வருகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: பெயர் செண்பகவல்லி, வயது நாற்பத்தேழு. தீப்பெட்டி ஆபீஸில் பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். தொழிற்சாலை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். வீட்டுக்காரர் முருகேசன் மில்லில் எலெக்ட்ரீஷியன். மாடியில் முப்பது தொட்டி வைத்திருக்கிறேன். அந்தத் தொட்டிகளால்தான் இந்த ‘மாடியும் செடியும்’ குழுவுக்குள் வந்தேன்.

செடிக்குழு என்று பேர். செடிப் பேச்சு பத்தில் ஒன்று இருந்தால் அதிகம். ஒருத்தி மாமியார் சண்டையை எழுதுவாள், ஒருவர் மூட்டு எக்ஸ்ரேயைப் போட்டு “இது தேய்மானமா?” என்று கேட்பார். பிள்ளைக்கு முளைத்த முதல் பல், அடிபிடித்த பாயசம், கோர்ட்டிலிருந்து வந்த விவாகரத்துக் காகிதம் எல்லாம் வரும். முகம் தெரியாதவர்களிடம் மனசைத் திறப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது. பக்கத்து வீட்டில் சொன்னால் தெரு முழுக்கப் பரவும். இங்கே சொன்னால் ஊரே பார்க்கும், ஆனால் கடையில் யாரும் நம்மை நிறுத்திக் கேட்க மாட்டார்கள். நானே எனக்குக் கர்ப்பப்பை எடுத்த கதையை இங்கேதான் முதலில் சொன்னேன்.

விதை, கிழங்கு, கிளைக்குச்சி எல்லாம் தபாலில் போகும், வரும். தபால் செலவு கொடுத்தால் போதும். அப்படித்தான் மார்கழிக் கடைசியில் தாராபுரம் பக்கத்துத் தங்கமணி அக்கா ஒரு பட்டியல் போட்டார்: சங்குப்பூ விதை, முடக்கத்தான் விதை, கா.கிழங்கு. நான் உடனே கீழே எழுதினேன், “அக்கா, எனக்குக் கா.கிழங்கு.”

இங்கேதான் எங்கள் ஊர்க்காரியின் புத்தியைச் சொல்ல வேண்டும். எங்கள் கரிசலில் உளுந்து விளையும், கம்பு விளையும், மிளகாய் விளையும். கிழங்கு விளையாது. ஆனால் பொங்கலன்று விளக்குக்கு முன்னால் வாழையிலையில் சிறுகிழங்கு, சேனை, சேம்பு, பனங்கிழங்கு என்று வகைவகையாகப் படைக்காவிட்டால் எங்களுக்குப் பொங்கலே இல்லை. மார்கழி பிறந்துவிட்டால் கிழங்கு என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் கை அடுப்பைப் பார்த்துத்தான் போகும். கா.கிழங்கு என்றதும் காவள்ளிக் கிழங்கு என்று நானே முடிவு செய்துவிட்டேன். சந்தையில் எப்போதாவதுதான் வரும். இந்த வருஷம் என் இலையில் யார் வீட்டிலும் இல்லாத கிழங்கு இருக்கும் என்று மைனியிடம் பீற்றிக்கொண்டேன். மைனி என்றால் என் அண்ணன் மனைவி சுப்புலட்சுமி. அடுத்த தெருவில் இருக்கிறார்.

போகிக்கு முந்தின நாள் பார்சல் வந்தது. செய்தித்தாளில் சுற்றி, மேலே பட்டைப் பேனாவில் ‘கா.கிழங்கு – 3’ என்று எழுதியிருந்தது. கலப்பை மாதிரி வளைந்த மூன்று கிழங்குகள். பார்சல் போய்ச் சேர்ந்ததா என்று அக்கா நாலைந்து செய்தி அனுப்பினார், அதோடு பேசிப் பதிந்த ஒரு வாய்ஸும். மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி. “அம்மிணி, நல்லாருக்கறீங்களா, இங்க பனின்னா பனி, மாட்டுக்குக்கூடச் சளி புடிச்சிருச்சுங்க” என்று ஆரம்பித்தது. மாட்டுச் சளியோடு நிறுத்திவிட்டேன். அந்த இழுப்பு எனக்குச் சிரிப்பாக இருந்தது. “இந்த இழுவையைக் கேளுங்க மைனி” என்று எழுதி மைனிக்கு அனுப்பிவிட்டு வீட்டை ஒழுங்கு பண்ணப் போய்விட்டேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு கிழங்கை மட்டும் அவித்தேன். புதுக் கிழங்கு என்றால் பொங்கலுக்கு முன்னால் காறுதா என்று பார்த்துவிடுவோம். சில சேனையும் சேம்பும் தொண்டையைக் காற வைக்கும், விருந்தாளி முன்னால் மானம் போகும். இரண்டு துண்டு தின்று பார்த்தேன். கசந்தது. காறவில்லை. காறவில்லையே என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அந்தச் சந்தோஷத்தில் கசந்ததை விட்டுவிட்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வாந்தி ஆரம்பித்தது. தொண்டையிலிருந்து அடிவயிறு வரை மிளகாயை அரைத்துத் தடவியது போல எரிந்தது. பிறகு வயிற்றுப்போக்கு. எத்தனை தடவை என்று எண்ணவில்லை, கடைசியில் எழுந்து போகவே முடியவில்லை. மைனி ஓடி வந்தார்.

“ஏட்டி செண்பகம், என்னட்டி தின்ன?”

“ஒண்ணுந் திங்கல மைனி. கிழங்குதான்.”

“கிழங்கு தின்னா இப்படியாட்டி போகும்?”

பக்கத்து ஆஸ்பத்திரியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது நானே “பொங்கல் கிழங்கு” என்றுதான் சொன்னேன். எங்கள் ஊர் டாக்டர் பொங்கல் கிழங்கைச் சந்தேகப்படுவாரா? பொங்கலன்று காலையில் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் கோலம் போட்டிருந்ததாம். எனக்கு ஆம்புலன்ஸின் கூரைதான் தெரிந்தது.

அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி: “அந்தக் கிழங்கு மிச்சம் இருக்கா?” வீட்டுக்காரர் மஞ்சப்பையில் வைத்து இரண்டையும் கொண்டுவந்தார். பார்த்ததும் கண்டுபிடித்தது அங்கே வேலை பார்த்த ஒரு நர்ஸ். தாராபுரம் பக்கத்துப் பெண்.

“அய்யோ, இது கண்வலிக்கிழங்குங்க சார். எங்கூர்ல ஏக்கர் கணக்குல போடுவாங்க, விதை மருந்துக் கம்பெனிக்குப் போகும். கிழங்கைத் தொட்டாக்கூடக் கையைக் கழுவிட்டுத்தான் சோறு திம்போம்.”

கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைக்கிழங்கு எல்லாம் ஒன்றுதான். நெருப்பு மாதிரி பூக்கிற செங்காந்தள் கொடியின் கிழங்கு. கா.கிழங்கில் இருந்த ‘கா’ காவள்ளி இல்லை, கார்த்திகை.

டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கிழங்கில் இருக்கிற விஷத்துக்குக் கோல்ச்சிசின் என்று பெயர். நம் உடம்பில் உள்ள உயிரணுக்கள் இரண்டாகப் பிரிந்து பெருகுவதை அது நிறுத்திவிடும். எது வேகமாகப் பெருகுமோ அதைத்தான் முதலில் அடிக்கும். குடலின் உள்தோல், அதனால் வயிற்றுப்போக்கு. எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற மஜ்ஜை, அதனால் நோயை எதிர்க்கும் வெள்ளணுவும் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவும் குறையும். கடைசியில் முடியின் வேர். “மாற்று மருந்து கிடையாதும்மா. உடம்பு தானா மேல வர்ற வரைக்கும் நாங்க தாங்கிப் பிடிக்கணும், அவ்வளவுதான்.”

நாலாவது நாள் வெள்ளணு ஆயிரத்துக்குக் கீழே போனது. தனியறைக்கு மாற்றினார்கள். முகக்கவசம் போட்டு, கைகழுவி, ஒருவர்தான் உள்ளே வரலாம். தினம் ஒரு ஊசி, மஜ்ஜையைத் தட்டி எழுப்புவதற்கு. பல் துலக்கினால் ஈறிலிருந்து ரத்தம். செத்துப்போவேன் என்றே நினைத்தேன். பயந்தேன், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. அது தங்கமணி.

காரணம் உண்டு. பொங்கலன்று மைனி என் போனிலிருந்து குழுவில் கேட்டிருந்தார்: “இந்தக் கிழங்கு என்ன கிழங்கு? தின்ன பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கு.” ஒரு மணி நேரத்தில் தங்கமணி எனக்கு அனுப்பிய தனிச்செய்திகள் எல்லாம் அழிந்திருந்தன. ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’, ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று வரிசையாக, ஒன்றின் கீழ் ஒன்று. குற்றம் செய்யாதவள் எதற்கு அழிக்கிறாள்? படுத்துக்கொண்டே சத்தியம் பண்ணினேன்: பிழைத்தால், அவளை என் வீட்டுக்கு வரவழைத்து, இதே கிழங்கை அவித்து, தட்டில் வைத்து, தின்னு என்று சொல்வேன். சோறு இறங்காத வாய்க்கு அந்த நினைப்பு மட்டும் இறங்கியது.

மருத்துவமனையிலிருந்து தகவல் போய் போலீஸ்காரர் வந்தார். வீட்டுக்காரர் அவரிடம், “பேர் கொழப்பம்தான் சார், வேணும்னு யாரும் செய்யல” என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

“ஏங்க, உங்க பொண்டாட்டி செத்தாலும் பேர் கொழப்பம்னுதான் எழுதிக் கொடுப்பீங்களா?”

“நீ முதல்ல எந்திரிச்சு வா. அப்புறம் எங்கூடச் சண்டை போடு.”

அந்த மனுஷன் மில்லுக்கு லீவு போட்டு, வராந்தாவில் நாற்காலியிலேயே பதினெட்டு நாள் இருந்தார். பில் வரும்போதெல்லாம் என் கண்ணில் படாமல் சட்டைப்பைக்குள் மடித்து வைப்பார். மைனி கோவில்பட்டியிலிருந்து தினம் பஸ்ஸில் கஞ்சி கொண்டுவந்தார். அனுமதியில்லை என்று தெரிந்தும் கொண்டுவந்து, வீட்டுக்காரரைக் குடிக்க வைத்துவிட்டுப் போவார். இவர்களை வைத்துக்கொண்டு நான் சந்தோஷமாகப் படுத்திருக்கலாம். என் புத்தி போனில் இருந்தது.

தினம் காலையில் ரத்தப் பரிசோதனைத் தாளைக் குழுவில் போட்டேன். முகம் தெரியாத நூறு பேர் என் வெள்ளணுவை எண்ணினார்கள். ஒருவர் பப்பாளி இலைச் சாறு என்றார், ஒருத்தி ஜெபம் பண்ணி அனுப்பினாள். எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து எனக்குத் தட்டணு கொடுத்துவிட்டுப் போனார். பெயரைக் கேட்டதற்குச் சொல்லவில்லையாம். “அவிய செம்பருத்தியில மாவுப்பூச்சி போயிருச்சான்னு கேட்டுச் சொல்லுங்க” என்று மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார். பூச்சி போய்விட்டது அண்ணாச்சி. நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பன்னிரண்டாம் நாள் தலை வாரினேன். சீப்போடு வந்தது. இடுப்பு வரைக்கும் கிடந்த முடி, இரண்டே நாளில் தலையணையில் கிடந்தது. மைனி அதைத் திரட்டி ஒரு கவரில் போட்டுக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். நான் அழவில்லை. போனை எடுத்தேன். பார்சல் சுற்றியிருந்த காகிதத்தை மைனி படம் பிடித்து வைத்திருந்தார். அனுப்புநர் முகவரி, போன் நம்பர், ஒன்றையும் மறைக்காமல் குழுவில் போட்டேன். “என் முடியைத் தின்றவள் இவள்தான்” என்று எழுதினேன்.

அதன் பிறகு நடந்ததை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள், நீங்கள்தானே நடத்தினீர்கள். கொலைகாரி என்றீர்கள். அவள் மகன் கடை வைத்திருப்பதைக் கண்டுபிடித்து, அங்கேயும் போன் போட்டுத் திட்டினீர்கள். அவளிடம் விதை வாங்கியவர்கள் முளைத்த செடியைப் பிடுங்கிப் போட்டுப் படம் அனுப்பினீர்கள். முருங்கை நாற்றைக்கூட ஒருத்தி பிடுங்கிவிட்டாள், முருங்கை என்ன பாவம் செய்தது? நான் ஒவ்வொன்றையும் படித்தேன். பொய் சொல்ல மாட்டேன், இனித்தது. அன்றைக்குத்தான் வெள்ளணு ஏற ஆரம்பித்தது. ஊசியால் என்றார் டாக்டர். எனக்கு வேறு எண்ணம்.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் இருக்கும். ஒருநாள் காலையில் தெரியாத நம்பரிலிருந்து போன், உங்கள் திட்டு தாங்காமல் நம்பரை மாற்றியிருந்தார். “அம்மிணி, நான் தங்கமணிங்க. உங்களைப் பாக்க வந்துட்டிருக்கறனுங்க. மதுரை தாண்டிட்டேன்.”

வா என்றேன்.

வீட்டில் அன்றைக்கு மைனி என் வீட்டுக்காரருக்கு வறுவல் செய்யச் சேப்பங்கிழங்கு அவித்து உரித்து வைத்திருந்தார். என் கை தானாக வேலை செய்தது. மிச்சம் இருந்த ஒரு விஷக்கிழங்கைச் சாட்சிக்காகக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, ‘கா.கிழங்கு – 3’ என்ற காகிதத்தையும் உள்ளே வைத்திருந்தேன். இன்னொன்று மருத்துவமனையோடு போய்விட்டது. பாட்டிலைத் திறந்து கிழங்கை எடுத்துத் தகரப் பெட்டியில் பூட்டினேன். காலிப் பாட்டிலை, காகிதத்தோடு, மேஜைமேல் வைத்தேன். பக்கத்தில் தட்டு. தட்டில் ஐந்து சேப்பங்கிழங்கு.

மைனி பார்த்துவிட்டார். “ஏட்டி, என்ன செய்யுத நீ?”

“நீங்க அடுப்படியில இருங்க மைனி.”

தங்கமணி அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். வெயிலில் வந்த முகம். கையில் ஒரு கூடை, அதில் எலுமிச்சங்காய். என் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். உட்காரச் சொன்னேன். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. தட்டை முன்னால் தள்ளினேன்.

“என்னங்க இது?”

“கிழங்கு.”

அவர் பாட்டிலைப் பார்த்தார். உள்ளே இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். நான் காத்திருந்த பயம் அவர் முகத்தில் வந்தது, நன்றாகவே வந்தது. நாற்பது நாள் இதற்காகத்தான் உயிரோடு இருந்தேன். “சாப்பிடுங்க” என்றேன்.

கையை நீட்டினார். ஒன்றை எடுத்தார். ஒரு விநாடி விரலிலேயே வைத்திருந்துவிட்டு வாயில் போட்டார். மென்று விழுங்கினார்.

“சேப்பங்கெழங்கு. உப்புப் பத்தலீங்க.”

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “தெரிஞ்சுதான தின்னீங்க!”

“கையில எடுத்ததும் தெரிஞ்சுதுங்க, வழவழன்னு இருக்குமில்ல. எடுக்கறதுக்கு முன்னாடி தெரியாது.”

அவரே மேலே பேசினார். “அம்மிணி, நான் வாய்ஸ்ல சொன்னனுங்களே. வாயில வச்சிராதீங்கன்னு சொன்னனுங்களே. நீங்க ஆஸ்பத்திரின்னதும் மகன் பயந்துட்டான். போலீசு வரும், எல்லாத்தையும் அழின்னான். நானும் அழிச்சுப்போட்டேன். அதோட அதுவும் போச்சு.”

“பொய். செத்தா சாகட்டும்னு அனுப்பிட்டு, இப்ப வந்து கதை சொல்லுதீங்களா?”

அடுப்படியில் ஏதோ உருண்டது. மைனி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, போனை நோண்டிக்கொண்டே வந்தார். “செண்பகம், அந்த இழுவையை எனக்கு நீ அனுப்பினியே. பெருசா இருக்குன்னு நானும் கேக்கலட்டி. இங்கன கிடக்கு பாரு.”

அவர் அழித்தது என் போனில். நான் கேலிக்காக அனுப்பியது மைனியின் போனில் அப்படியே இருந்தது. மைனி அதை மேஜையில் வைத்து அழுத்தினார்.

பனி வந்தது. மாட்டுச் சளி வந்தது. பேத்தியின் பரீட்சை வந்தது. இரண்டு நிமிடம் தாண்டிய பிறகு: “அப்பறம் அம்மிணி, இதை எங்க பக்கம் கண்வலிக்கெழங்கும்பாங்க. அந்தப் பேரைப் போட்டா வலின்னு ஒருத்தரும் வாங்க மாட்டாங்கன்னுதான் கார்த்திகைக்குக் கா.ன்னு சுருக்கிப் போட்டனுங்க. வெசமுங்க இது. கைக்கு உறை போட்டு நடுங்க. கொழந்தைங்க, ஆடு மாடு அண்டாம பாத்துக்குங்க. வாயில மட்டும் வச்சிராதீங்க, என்ன? ஆடி ஆவணில பூக்கும். பூத்தா எனக்கொரு போட்டோ அனுப்புங்க.”

முடிந்தது. மைனி சேலையால் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா தலையைக் குனிந்து கூடையிலிருந்த எலுமிச்சங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேரை மாத்திப் போட்டது உங்க தப்பு” என்றேன். விட மனசில்லை எனக்கு.

“ஆமாங்க” என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து நான் எந்தக் கிழங்கையும் தொடவில்லை, வாசனை வந்தாலே குமட்டும். தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தின்றேன். உப்புக் குறைவுதான். மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன். வாய் நிறையக் கிழங்கோடு கேட்டேன். அவருக்கு விளங்கியதோ என்னவோ, “மெதுவாத் தின்னுங்க அம்மிணி” என்றார்.

இனி உங்களுக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்த பிறகு நான் பரிசோதனைத் தாள் போடாததைப் பார்த்துச் செத்தேன் என்று முடிவுகட்டி இரங்கல் போட்ட அட்மின் அண்ணாச்சி, இன்று முதல் தினம் காலையில் என் மொட்டைத் தலையைப் படம் பிடித்து இங்கே போடுவேன், முடி வளர்கிற வரைக்கும். நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். அக்காவைக் கொலைகாரி என்று எழுதியவர்கள் பெயரையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். பட்டியலில் முதல் பெயர் செண்பகவல்லி. அவளை நான் எப்படிப் பழி வாங்குவதென்று யோசித்து, அவள் ஒளித்து வைத்திருக்கக்கூடிய ஒரே பொருளைக் கீழே இணைத்திருக்கிறேன். இதை நான் வெளியே விடாவிட்டால் என் பக்கம்தான் நியாயம் என்று நீங்கள் எல்லாரும் சாகிறவரை நம்பியிருப்பீர்கள்.

மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி. முழுசாகக் கேளுங்கள்.